கையின் உயரமும் இரத்த அழுத்தமும்

திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. அதனைக் களைப்பின்றி நடந்து முடிப்பவர், தமக்கு நோய் ஏதுமில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் மிகை இரத்த அழுத்தம், வலியோ காய்ச்சலோ காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக்கூடும். பக்கவாதமோ மாரடைப்போ வந்த பின்னரே பலர் அதனை அறிகின்றனர். அளந்து பார்த்தாலன்றி அதனைக் கண்டறிய வழியில்லை.

அளப்பது எவ்வாறு? 1896-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, புயத்தில் காற்றுப்பட்டையைச் சுற்றிப் பாதரச மட்டத்தால் அழுத்தத்தை அளந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைத் தந்தார். இன்றைய மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை. தமனியின் துடிப்பு, பட்டையிலுள்ள காற்றில் சிற்றதிர்வுகளை உண்டாக்குகின்றது. அவற்றைக் கொண்டு கருவி 120/80 என்பது போன்ற எண்களைக் கணக்கிடுகின்றது. முதல் எண் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம்; இரண்டாவது, விரியும்போதுள்ளது. அலகு மி.மீ. பாதரசம்.

இங்கே ஓர் இயற்பியல் விதி குறுக்கிடுகின்றது. திரவத்தில் ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். மாடித் தொட்டியின் நீர் கீழ்த்தளக் குழாயில் வேகமாக வருவது இதனால்தான். பாதரசம் நீரைப் போல் 13.6 மடங்கு அடர்த்தியுள்ளது. இரத்தமோ நீரைவிடச் சற்றே அடர்த்தி மிக்கது. ஆகவே 10 செ.மீ. உயர இரத்தம், ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசத்திற்குச் சமம். புயத்திலுள்ள பட்டை இதய மட்டத்திற்கு 10 செ.மீ. கீழே இருந்தால், 134 உள்ளவருக்குக் கருவி 142 காட்டும்! மிகை அழுத்தத்திற்கு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை 140/90. பட்டை மேலே இருந்தாலோ, உள்ள நோயும் மறைந்துவிடும்.

எனவே 5 நிமிடம் ஓய்வாக அமருங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்துப் பேசாமல் இருங்கள். நடந்து வந்தவுடனோ காப்பி அருந்தியவுடனோ அளக்க வேண்டாம். ஒரு நாள் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்தலும் கூடாது.

கருவி எண்ணைத் தரும்; நாள்தோறும் மாத்திரையை விழுங்கச் செய்யாது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மருந்தை நிறுத்துவோர் உண்டு. மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தயங்குவோரும் உண்டு. இங்கேதான் அக்கம்பக்கத்தார் துணை தேவைப்படுகின்றது. தமிழக அரசு 5-8-2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் கருவியுடன் வீடுதேடிச் சென்று அளக்கின்றனர். நோயுள்ளோர்க்கு மருந்தையும் கொண்டு சேர்க்கின்றனர். 2024-இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

அத்தகையவர் உங்கள் வாயிலுக்கு வந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு நாற்காலியும் மேசையும் போட்டுக் கொடுங்கள். எண்களைத் தேதியுடன் குறித்து வையுங்கள். உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.