தொட்டிக்கு அடியில் ஒரு முழக் குழாய்



நம் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள், இயந்திரங்களைப் பார்ப்பார்கள். வார்டின் மூலையில் இருக்கும் பீங்கான் கைகழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் எவருமில்லை. நானும் பார்த்ததில்லை. வியாதியஸ்தரோடு ஜெபிக்கப் போகும்போதெல்லாம் அந்த மூலையில் ஒரு துர்நாற்றம் வரும். பினாயில் போதவில்லை என்றே நினைத்திருந்தேன். வார்டு சிஸ்டர்தான் ஒருநாள், "ஐயா, ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டோம். கோளாறு குழாயில் இருக்கிறது" என்றார்கள்.

கழிவுநீர்க் குழாயைக் கழற்றியபோது சிஸ்டர் சொன்னது சரியென்று தெரிந்தது. அது பழைய ஜி.ஐ. குழாய். உட்புறத்துத் துத்தநாகப் பூச்சு அரித்துப்போய், துரு அடுக்கடுக்காக வளர்ந்திருந்தது. அந்தச் சொரசொரப்பில் சோப்பும் முடியும் பிடித்துக்கொண்டன. ஒன்றேகால் அங்குலக் குழாயில் சுண்டுவிரல் நுழையும் அளவே வழி மிஞ்சியிருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. குழாய் நேராகச் சாக்கடைக்கு இறங்கியது. 'டிராப்' என்னும் வளைவு அதில் இல்லை.

அந்த வளைவின் வேலை எளியது. ஒவ்வொரு முறை கைகழுவும்போதும் அதில் கொஞ்சம் நீர் தங்குகிறது. ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று அங்குல ஆழமுள்ள அந்த நீரே சாக்கடைக் காற்றுக்கும் அறைக்கும் நடுவே உள்ள கதவு. 1775-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் கழிப்பறைக்காக இவ்வகை வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். இதை அற்பமாக எண்ண வேண்டாம். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டோரைப் பற்றியது; 42 பேர் மரித்தார்கள். குளியலறைத் தரை வளைவுகளில் நீர் வற்றிப்போய், கழிவுக் குழாயிலிருந்த கிருமி வீடுகளுக்குள் வந்ததும் முக்கிய காரணம் என்று விசாரணையில் கண்டார்கள்.

குழாயை மாற்றிய விதத்தையும் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுக்கும் சபைச் சமையலறைக்கும் உதவும்.

பீங்கான் வளையாது, உடையும். ஆகையால் துருப்பிடித்த நட்டைச் சுத்தியலால் தட்டக்கூடாது. எங்கள் பிளம்பர் முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தார். காலையிலும் அது அசையாததால், ஹாக்சா பிளேடால் பொறுமையாக அறுத்து எடுத்தார். பிறகு துவாரத்தைச் சுற்றியிருந்த பழைய மக்கைச் சுரண்டித் துடைத்தார்.

புதிய வேஸ்ட் கப்ளிங்கைப் பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டியின் மேற்புறத்தில் நீர் வழிந்தோடும் துளை இருந்தால், கப்ளிங்கின் பக்கத்திலும் துளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியும் நீர் போக இடமிருக்காது. அடியில் ரப்பர் வாஷர் வைத்து, நட்டைக் கையால் முடுக்கி, பிறகு சிறிதளவு மட்டும் ரெஞ்சால் திருப்பினால் போதும். பலமாக முடுக்கினால் பீங்கானில் விரிசல் விழும்.

அதன்பின் பி.வி.சி. வளைவு. சுவர் நோக்கிப் போகும் குழாய்க்கு ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தார். ரசமட்டம் வைத்தே பார்த்தார். குழாயை அறுத்த இடத்தில் பிசிறு இருந்தால் முடி சிக்கும். அதனால் உப்புத்தாள் தேய்த்தார். ஒட்டிய இணைப்பு உலர ஒருநாள் விட்டார்.

கடைசியில் சோதனை. அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, தொட்டியை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டார். தாளில் ஒரு சொட்டும் இல்லை. 'களக் களக்' என்ற சத்தமும் இல்லை. அந்தச் சத்தம் பலமாகக் கேட்டால், ஓடும் நீர் வளைவிலுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். காற்றுக் குழாய் தேவைப்படும்.

நாற்றம் போயிற்று. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: புதிய குழாயும் கிருமியில்லாத குழாய் அல்ல. ஈரமான வளைவில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் சீக்கிரமே குடியேறும். காயமுள்ளவர்களுக்கும் பலவீனருக்கும் அவை ஆபத்து. ஆகையால் மீந்த காப்பியையும் குளுக்கோஸ் நீரையும் அந்தத் தொட்டியில் ஊற்றக்கூடாதென்று எழுதி ஒட்டியிருக்கிறோம்; அவை கிருமிக்கு உணவு. குழாய் நீர் நேராகத் துவாரத்தில் விழுந்து தெறிக்காதபடி திருப்பியும் வைத்தோம்.

உங்கள் வீட்டில் புழங்காத தொட்டி இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு செம்பு நீர் ஊற்றுங்கள். அந்தக் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கும்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இப்படி ஒருவரும் காணாத இடங்களுக்கும் போகிறது. அதன் பலனைக் கட்டிலில் படுத்திருப்பவர் அறியமாட்டார். இரவெல்லாம் நிம்மதியாக மூச்சு விடுவார். அது போதும்.