மாட்டுக்குப் போடும் ஊசியும் பாறு கழுகும்



செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால், பாறு கழுகுகள் கூட்டமாக இறங்கி எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். பெரியவங்களுக்கு நினைவிருக்கும். 1990-களில் நாடெங்கும் இவை மளமளவென்று அழிந்தன. தமிழ்நாட்டில் இப்போது பெரும்பாலும் நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இவற்றைப் பார்க்கலாம்.

காரணம் என்ன? மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் என்று 2004-இல் தெரியவந்தது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்தால், மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும். கழுகு இல்லாத ஊரில் செத்த மாடு நாய்க்கு இரை. நாய் பெருகினால் வெறிநாய்க்கடி பயமும் கூடும்.

2006-இல் இம்மருந்தை மாட்டுக்குப் போட அரசு தடை விதித்தது. மனிதருக்கு விற்கும் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடுவதும் தப்புத்தான்.

நாம் செய்யவேண்டியது என்ன? மெலாக்சிகாம் மருந்து கழுகைக் கொல்லாது. கால்நடை டாக்டரிடம் அதைக் கேளுங்க. வலி ஊசி போட்ட மாடு இறந்தால் ஆழக் குழி வெட்டிப் புதைச்சிடுங்க. பாறு கழுகு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அதனால், மிச்சமிருப்பதைக் காப்பாற்றினால்தான் கூட்டம் மறுபடி பெருகும்.