திரும்பி வந்த காசோலை: மோசடி வழக்கு நிற்குமா?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் களத்திலேயே எடை போட்டு ஏற்றிக்கொண்டு, காசோலை கொடுத்துப் போகும் வியாபாரிகள் உண்டு. அது 'கணக்கில் பணம் இல்லை' என்று திரும்பினால், விவசாயி முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. நாள் வீணாவது அங்கேதான்.

மோசடி (பழைய 420; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318) என்றால், சரக்கு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். 'விலை இறங்கியதால் பிறகுதான் பணம் முடங்கியது' என்று வியாபாரி சொன்னால் வழக்கு தளர்ந்துவிடும். ஏற்கெனவே மூடிய கணக்கின் காசோலையைக் கொடுத்திருந்தால் பிடி கிடைக்கும்.

செலாவணி முறிச்சட்டம் 138-ஆம் பிரிவில் அந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கையெழுத்து அவருடையது என்றானால், கடன் இல்லை என்று காட்டுவது அவர் பாடு. ஆனால் நாள் கணக்கு கறார்: காசோலைத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும், திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் பதிவுத் தபாலில் அறிவிப்பு, அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார். வியாபாரி எந்த ஊர்க்காரரானாலும், 2015 திருத்தப்படி விவசாயியின் கணக்குள்ள வங்கிக் கிளைக்குரிய நீதிமன்றமே போதும்.

எடைச்சீட்டு, வங்கியின் திருப்புச்சீட்டு, தபால் ரசீது மூன்றும் பத்திரம்.