எழுதாத குழாய்க்குக் குறியீடு இல்லை

வாயால் விழுங்க முடியாதவருக்கு உணவு போக இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. மூக்கு வழியாக இரைப்பைக்கு இறக்கும் ரைல்ஸ் டியூப் ஒன்று. வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் பொருத்தும் பெக் டியூப் மற்றொன்று. பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் எனப் பலருக்கும் இவை தேவைப்படுகின்றன. சில வாரங்களில் நிலைமை சரியாகும் என்றால் மூக்குக் குழாய் போதும். அதற்கு மேல் நீளும் என்றால் மருத்துவர்கள் பெக் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி மூலமாகவே பெக் வைக்கும் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் கொண்டுவந்தனர்.

இரண்டு குழாய்களும் தொல்லை தரும். மாத்திரையை நன்றாகப் பொடிக்காமல் கரைத்து ஊற்றினாலும், ஊற்றி முடித்ததும் தண்ணீர் விட்டு அலசாவிட்டாலும் அடைத்துக்கொள்ளும். நினைவு தடுமாறும் முதியவர் இழுத்துப் போட்டுவிடுவார். பெக் துளையைச் சுற்றிக் கசியும், சிவந்து சீழ் பிடிக்கும், சில நேரம் இரத்தம் வரும். எல்லாவற்றிலும் மோசமானது, ஊற்றிய கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆவது.

இந்தத் தொல்லைகளை எழுத்தும் எண்ணுமாக மாற்றும் வேலைதான் மெடிக்கல் கோடிங். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலிருந்து மேற்கே கேளம்பாக்கம் வந்து, ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே திரும்பினால் சிறுசேரி சிப்காட், நாவலூர் என்று வரிசையாக அலுவலகக் கட்டடங்கள். சென்னை இத்தொழிலுக்கு இந்தியாவின் முக்கிய மையங்களில் ஒன்று. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பிசியோதெரபி படித்த இளைஞர்கள் பலர், போனை லாக்கரில் வைத்துவிட்டு, பேனாவும் காகிதமும் இல்லாத மேசையில் அமர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளான சார்ட்டைப் படிக்கிறார்கள். நோயாளி விவரங்களைக் காக்க வகைசெய்யும், 1996-இல் அமெரிக்கா இயற்றிய ஹிப்பா சட்டத்தின் நிழல் அந்த மேசை வரை நீள்கிறது.

அவர்கள் கையாளும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பு ஐ.சி.டி.-10-சி.எம். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் வயிற்றுத் துளை வழிக் குழாயின் சிக்கல்கள் கே94.2 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. இரத்தக் கசிவு என்றால் கே94.21, தொற்று என்றால் கே94.22, அடைப்பு, கழன்றுபோதல் போன்ற இயக்கக் கோளாறு என்றால் கே94.23. இவற்றில் அடங்காத வேறு சிக்கலுக்கு கே94.29. என்ன சிக்கல் என்றே தெரியாவிட்டால் கே94.20, இதைப் போட்டால் கோடிங்கைச் சரிபார்க்கும் ஆடிட்டரின் புருவம் உயரும். தொற்றுக்கு ஒரு குறியீடு மட்டும் போதாது. வயிற்றுச் சுவர்த் தோலில் பரவியிருந்தால் எல்03.311, இரத்தத்தில் கலந்து செப்சிஸ் ஆகியிருந்தால் அதற்குரியது, கிருமி தெரிந்தால் அதற்கும் ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. பெக் டியூப் வைத்திருக்கிறார், தொல்லை ஏதுமில்லை என்றால் அது சிக்கலே அல்ல; இசட்93.1 என்று அவர் நிலையைக் குறித்தால் போதும். பராமரிப்புக்காகவோ, நாள்பட்ட குழாயை மாற்றவோ வந்திருந்தால் இசட்43.1. இன்னொன்று மூக்குக் குழாய். அதற்குத் துளையே கிடையாது என்பதால் கே94 பொருந்தாது, டி85.5 (T85.5) வரிசைக்குப் போக வேண்டும். இடம் பெயர்ந்ததற்கு டி85.528, அடைப்புக்கு டி85.598, கடைசியில் ஏழாவது எழுத்தாக ஏ (A), டி (D), எஸ் (S) என்பவற்றில் ஒன்று. சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறதா, தேறிவரும் கட்டமா, பழைய சிக்கலின் பின்விளைவா என்பதை அந்த எழுத்து சொல்லும்.

குறியீட்டைத் தேடுவது இதில் சுலபமான பாதி. கடினமான பாதி சார்ட்டில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், சார்ட்டில் இல்லாததில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் வரும் எல்லாமே சிகிச்சையின் சிக்கல் ஆகிவிடாது என்பது ஐ.சி.டி. விதி. குழாய்க்கும் தொற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். ‘டியூப் மாற்றப்பட்டது, ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், என்ன நடந்திருக்கும் என்பது படிப்பவருக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் கோடர் ஊகிக்கக் கூடாது. மருத்துவருக்குக் குவெரி அனுப்பலாம். அந்தக் கேள்வியும் ‘இது தொற்றுதானே?’ என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது.

பணம் நிற்பதும் இதே இடத்தில்தான். குழாயை மாற்றிய வேலைக்கு சி.பி.டி. என்ற வேறொரு தொகுப்பு. துளைப் பாதையைச் சீர்செய்யாமல், எக்ஸ்ரே போன்ற படத்தின் துணையும் இல்லாமல் மாற்றினால் 43762. பாதையைச் சீர்செய்ய வேண்டியிருந்தால் 43763. ஃப்ளூரோஸ்கோப்பி பார்த்து மாற்றினால் 49450. முதல் இரண்டும் 2019-இல்தான் வந்தன. அதுவரை அவ்விரண்டின் இடத்தில் 43760 என்ற ஒன்றே இருந்தது. எப்படி மாற்றினார் என்று மருத்துவர் ஒரு வரி எழுதாவிட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன கிளெய்ம் திரும்பி வரும்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கணக்கு வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜாகத் தொகை வருகிறது. அமெரிக்காவைப் போலக் குழாய்க்குக் குழாய் பில் போடுவதில்லை. ஆனால் இறப்புச் சான்றில் ஐ.சி.டி. இங்கும் எட்டிப் பார்க்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனையில் இறந்தவருக்குப் படிவம் 4-இல் காரணம் எழுத வேண்டும். முதல் வரியில் உடனடிக் காரணம், அடுத்தடுத்த வரிகளில் அதற்கு இட்டுச்சென்றவை. பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போய், உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா வந்து இறந்தவருக்கு ‘இதயத்துடிப்பும் சுவாசமும் நின்றன’ என்று மட்டும் எழுதினால், அது இறந்த விதமே ஒழியக் காரணம் அல்ல. புள்ளிவிவரத்தில் அந்தப் பக்கவாதம் காணாமல் போய்விடும்.

இந்தக் குழப்பங்களைத் தவிர்க்க டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வேண்டியது ஒன்றும் பெரிதில்லை: எந்த வகைக் குழாய், அதன் பருமன் எத்தனை ஃப்ரெஞ்ச் அளவு, வைத்த தேதி, வெளியே தெரியும் நீளம். இவற்றில் தேதிக்குத் தனி மதிப்பு உண்டு. பெக் துளையின் பாதை உறுதிப்பட ஏறத்தாழ நான்கு வாரம் பிடிக்கும். அதற்கு முன் கழன்ற குழாயைக் குருட்டாம்போக்கில் திரும்பச் செருகினால், அது இரைப்பையை விட்டு வயிற்றறைக்குள் போய்விடலாம். உறுதிப்பட்ட பாதையோ குழாய் இல்லாமல் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். நள்ளிரவில் கழன்ற குழாயைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் குடும்பத்திடம் கேஷுவால்ட்டி மருத்துவர் முதலில் கேட்பது, அதை வைத்து எத்தனை நாள் ஆகிறது என்பதைத்தான்.