கீழ் முன்பற்களுக்கு எத்தனை இம்பிளான்ட்?

வாயிலுள்ள பற்களிலேயே மிகக் குறுகலானவை கீழ்த்தாடையின் நான்கு வெட்டுப்பற்கள். நடுப்பல் ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ 5 மி.மீ.தான், அதை ஒட்டிய பல் சற்றே பெரிது. இவை விழுந்த இடத்தில் இம்பிளான்ட் வைப்பது கடினமாக இருப்பதற்கு இந்தச் சிறிய அளவே முதல் காரணம்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி இறக்கப்படும் செயற்கை வேர். பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனது. எலும்பு இந்த உலோகத்தோடு இறுகப் பிணைந்துகொள்வதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயல்களை ஆராய்ந்தபோது கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்கு அவர் இம்பிளான்ட் பொருத்தியதும் கீழ்த்தாடையில்தான்.

இம்பிளான்ட்டுக்கும் பக்கத்து இயற்கைப் பல்லுக்கும் இடையே சுமார் 1.5 மி.மீ., இரு இம்பிளான்ட்டுகளுக்கு நடுவே சுமார் 3 மி.மீ. எலும்பு இருக்க வேண்டும். குறைந்தால் எலும்பு கரையும், ஈறு இறங்கும். மிக மெல்லிய 3 மி.மீ. இம்பிளான்ட்டுக்கே இருபுறமும் சேர்த்து 6 மி.மீ. தேவை, ஒற்றைப் பல் விழுந்த இடமோ பலருக்கு அவ்வளவு இருப்பதில்லை. அங்கே பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டப்படும் பிரிட்ஜே, அதாவது பக்கத்துப் பல் தாங்கும் செயற்கைப் பல்லே, நல்ல தீர்வு. நான்கும் இல்லாதவருக்கு நான்கு இம்பிளான்ட் தேவையில்லை. இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று வைத்து, நான்கு பல் பிரிட்ஜைத் தாங்கவைப்பதே வழக்கம். எண்ணிக்கை கூடினால் உறுதி கூடும் என்று நினைப்பது இங்கே தவறு.

இப்பகுதி எலும்பு கெட்டியானது. ஆனால் பல் போனபின் மெலிந்து கத்திமுனைபோல் ஆகிவிடுவதால் சிலருக்கு எலும்பு ஒட்டுச் சிகிச்சை தேவைப்படும். உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு கடைவாய்ப் பக்கமே வெளியேறிவிடுவது ஆறுதல். நாக்குப் பக்கச் சுவரைத் துளைத்துவிட்டால் மட்டும் ரத்தக்கசிவால் வாயின் அடித்தளம் வீங்கி மூச்சே அடைபடலாம். எனவே எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனை முன்கூட்டியே எடுப்பது அவசியம்.

கீழ்த்தாடையில் எலும்பு பிணைய பொதுவாக இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். பிறகே நிலையான பல் பொருத்தப்படும். புகைபிடித்தலும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் இந்தப் பிணைப்பைக் கெடுக்கும். ஈறு நோயால் பல் இழந்தவர் முதலில் அந்த நோயைக் குணப்படுத்த வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் நாக்கின் அடியில் திறப்பதால் கீழ் முன்பற்களின் பின்புறம் காரை விரைவில் படியும். அது இம்பிளான்ட்டைச் சுற்றிய ஈற்றை அழற்சிக்குள்ளாக்கி, பெரும்பாலும் வலியே இல்லாமல் எலும்பை அரிக்கும். பிரிட்ஜின் அடியில் சிறு தூரிகையால் தினமும் சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.