பதினெட்டுக்கு முன் எட்டு ஆண்டுகள்

பதினெட்டு வயது நிறைவடையும் நாளில் ஒருவர் சட்டப்படி பெரியவராகிறார். அன்றுமுதல் அவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாம், கடன் கோரலாம். தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கவும் வேண்டும். இந்த உரிமைகளைச் சட்டம் ஒரே நாளில் வழங்கிவிடுகிறது. அவற்றைக் கையாளும் பழக்கம் வருவதற்கோ பல ஆண்டுகள் வேண்டும்.

"நீ படிப்பை மட்டும் பார், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது நம் இல்லங்களில் அன்போடு சொல்லப்படும் சொல். அதன் விளைவாக, கூட்டுவட்டிக் கணக்கைத் தேர்வில் பிழையின்றிப் போடும் மாணவர், விடுதிக்குச் சென்ற முதல் மாதத்திலேயே கைப்பணம் தீர்ந்து திகைக்கிறார். உலக சுகாதார நிறுவனம் வரையறுத்த பத்து வாழ்க்கைத் திறன்களுள் முடிவெடுத்தலும் சிக்கலைத் தீர்த்தலும் அடங்கும். இவை இரண்டும் செய்து பழகினாலன்றிக் கைவராதவை.

இப்பழக்கத்தைத் தொடங்க வங்கிக் கணக்கு நல்லதொரு களம். பத்து வயது நிறைந்த சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கையும் வைப்புக் கணக்கையும் தாமே தொடங்கி இயக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தல் கூறுகிறது. தொகை வரம்பையும் நிபந்தனைகளையும் அந்தந்த வங்கி வகுக்கும். இருப்புக்கு மேல் பணம் எடுக்க இக்கணக்கில் இடமில்லை. ஆகவே சிறுவர் இங்கே செய்யும் பிழை கடனாக வளராது.

பத்து முதல் பன்னிரண்டு வயது வரை, பணம் செலுத்தும் சீட்டை நிரப்புவதும், பாஸ்புக்கில் வரவு எது, பற்று எது, வட்டி எது எனப் படித்தறிவதும் போதும். பதின்மூன்று வயதில் பேருந்துக் கட்டணம், எழுதுபொருள், சிற்றுண்டி ஆகியவற்றுக்கான ஒரு மாதத் தொகையை மொத்தமாக ஒப்படைக்கலாம். அத்தொகை இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் உடனே நிரப்பிவிடலாகாது. இன்றியமையாத பேருந்துக் கட்டணத்தை மட்டும் தந்து, எஞ்சிய பத்து நாள்களைச் சமாளிக்க விடுங்கள். பதினாறு வயதில் மின்கட்டணம் செலுத்துதல், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தல், ரயில் பயணச்சீட்டு எடுத்தல், பழுதான பொருளுக்குப் புகார்க் கடிதம் எழுதுதல் என வீட்டுப் பொறுப்புகள் சிலவற்றை முழுமையாக ஒப்படைக்கலாம்.

இன்று இப்பயிற்சி முன்னெப்போதையும்விட இன்றியமையாதது. "உன் கணக்கைச் சில நாள்களுக்குக் கொடு, வந்துபோகும் பணத்தில் உனக்குக் கமிஷன்" என்று கல்லூரி மாணவர்களை அணுகும் கும்பல்கள் உள்ளன. அவ்வாறு வந்துபோவது பெரும்பாலும் எவரிடமிருந்தோ ஏமாற்றிப் பறித்த பணம். புகார் எழுந்தால் முடக்கப்படுவது மாணவரின் கணக்கு. காவல்துறை முதலில் விசாரிப்பதும் கணக்கின் உரிமையாளரையே. எனவே ஏடிஎம் அட்டை, சிம் அட்டை, ஓடிபி ஆகியவற்றை நண்பருக்கும் தரலாகாது என்பதையும், யுபிஐ வழியே பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை என்பதையும் வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றினும் முதன்மையான பாடம் ஒன்று பெற்றோருக்கு உரியது. ஏமாந்த பிள்ளை திட்டுக்கு அஞ்சி இரண்டு நாள் மறைத்தால், பணம் பல கணக்குகளைக் கடந்து போய்விடும். உடனே வங்கிக்குத் தெரிவித்து 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. "எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்ற உறுதியைப் பிள்ளைகள் நம்ப வேண்டுமானால், நூறு ரூபாய் தொலைந்த நாளில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பது முக்கியம்.

பதினெட்டு நிறைந்ததும் கணக்கை இயக்கப் புதிய அறிவுறுத்தலும் மாதிரிக் கையொப்பமும் வங்கிக்கு அளிக்க வேண்டும். அன்று கிளைக்குப் பிள்ளையுடன் செல்லுங்கள். ஆனால் படிவத்தை அவரே நிரப்பட்டும், ஐயங்களை அவரே கேட்கட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தால் போதும்.