முகம் சிவந்த கதை – 7: சாப்பிட்டால் சிவக்கும் ஒற்றைக் கன்னம்

மது, மாதவிடாய் நிற்கும் வயது, ரத்த அழுத்த மாத்திரை என்று முகம் சிவக்கும் காரணங்களின் பட்டியல் ஒன்றைப் போன வாரம் பார்த்தோம். முகம் வியர்வையோடு சிவந்தால் நரம்பைச் சந்தேகி, வியர்க்காமல் சிவந்தால் மருந்தையோ ரத்தத்தில் கலந்த ரசாயனத்தையோ சந்தேகி என்ற கணக்கும் நினைவிருக்கும். இந்த வாரம் ரோசேசியா என்ற தோல் நோயைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். குறுக்கே லூசியா ஃப்ரே வந்துவிட்டார்.

இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில் 1889இல் பிறந்த யூதப் பெண்மணி அவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் நரம்பியல் மருத்துவரானவர். வார்சாவில் வேலை பார்த்தபோது, காதோரம் குண்டடி பட்ட ஒரு படைவீரரைப் பரிசோதித்தார். அவருக்குச் சாப்பிடும்போது மட்டும் அந்தப் பக்கக் கன்னம் சிவந்து வியர்க்கும். மறு கன்னம் சும்மா இருக்கும். இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி முன்பே சிலர் எழுதியிருந்தார்கள். ஆனால் எந்த நரம்பின் வேலை இது என்று 1923இல் தெளிவாகச் சுட்டிக்காட்டியவர் ஃப்ரே. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

காதுக்கு முன்னால் தாடையோரம் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது இதுதான். காயத்திலோ கட்டி அறுவைச் சிகிச்சையிலோ இதற்கு வரும் நரம்பிழைகள் அறுபட்டால், சில மாதங்களில் மறுபடி வளரும். வளரும்போது, அறுந்த கேபிளைப் பக்கத்து வீட்டுக்கு இணைத்துவிட்டுப் போன ஆள் மாதிரி, தோலின் வியர்வைச் சுரப்பிகளிலும் ரத்தக் குழாய்களிலும் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் எலுமிச்சை ஊறுகாயை நினைத்தாலே போதும், வாயில் ஊறவேண்டியது கன்னத்தில் வழியும்.

கண்டுபிடிக்கும் விதம் இன்னும் அழகு. கன்னத்தில் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் பொடி தூவி, எலுமிச்சைத் துண்டைச் சப்பச் சொல்வார்கள். வியர்வை அரும்பும் இடமெல்லாம் கருநீலப் புள்ளிகள் பூக்கும். வியர்வையை அடக்க எங்கே போட்டாக்ஸ் ஊசி போடவேண்டும் என்பதற்கு அதுவே வரைபடம்.

குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு, குறிப்பாக ஆயுதம் போட்டுப் பிறந்தவர்களுக்கு. திட உணவு தொடங்கியதும் ஒரு கன்னம் சிவக்கும். சில நிமிடங்களில் மறையும். வியர்வை அநேகமாக இருக்காது. நம் வியர்வைக் கணக்கு உதைக்கும் இடம் இது. வீட்டில் உடனே அலர்ஜி என்று சாத்துக்குடியையும் தக்காளியையும் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் இந்தச் சிவப்பு குழந்தை வளர வளரத் தானே குறையும். அதற்காக எல்லாச் சிவப்பையும் ஃப்ரே தலையில் கட்டவேண்டாம். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் சேர்ந்தால் அது அவசரம், நேரே மருத்துவமனைதான்.

1942இல், லிவிவில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவில் நாஜிகளின் கொலைவெறிக்குப் பலியானார் ஃப்ரே. அவரைப் பற்றி இன்னும் எழுதலாம், பக்கம்தான் இல்லை.

ரோசேசியா அடுத்த வாரம் நிச்சயம். அதுவரை ஒரு வேண்டுகோள். நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கை வைத்துச் சூட்டைப் பாருங்கள். மாறுதல் இருக்கும்போதே செல்போனில் படம் எடுங்கள். ஒரு பக்கமா, இரு பக்கமா, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நேரத்தில் முகம் சிவந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.